பச்சை சைக்கிளும் பருப்பு வேகாத தண்ணீரும்

தர்மாம்பாள் சைக்கிள் ஓட்ட வேண்டும் என்று இந்த உலகத்தில் ஆசைப்பட்ட ஒரே ஜீவன் அவள் புருஷன் சிவசங்கரன்தான். தர்மாம்பாளுக்கே அந்த ஆசை கிடையாது.

சிவசங்கரன் பஞ்சாலை ஆபீஸில் குமாஸ்தா. விளாங்குடியில் வீடு. மீசை நரைக்கத் தொடங்கிய வயசு. கெட்ட பழக்கம் எதுவும் இல்லை, வெற்றிலை பாக்குக்கூடக் கிடையாது. சைக்கிள் மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மண்ணெண்ணெய் தொட்டுச் செயினைத் துடைத்து, ரிம்முக்குத் தேங்காய் எண்ணெய் பூசிவிட்டு, மிச்சத்தைத்தான் தன் தலைக்குப் பூசிக்கொள்வார். மாசத்தில் ஒரு ஞாயிறு அழகர்கோவில் வரைக்கும் மிதித்துப் போய், மலைமேல் நூபுர கங்கையில் ஒரு பாட்டில் தீர்த்தம் பிடித்துக்கொண்டு திரும்புவார். தனியாகத்தான்.

அந்தத் தனியாக என்பதுதான் அவர் குறை. கல்யாணத்துக்கு முன்னால் பழங்காநத்தத்தில் ரூம் எடுத்துத் தங்கியிருந்த காலத்தில், சாயங்காலம் ஒரு டாக்டரும் அவர் சம்சாரமும் ஆளுக்கொரு சைக்கிளில் பக்கத்துப் பக்கத்தில் போவதைப் பார்த்திருக்கிறார். அந்தம்மா ஏதோ சொல்லும். டாக்டர் ஹாண்டில்பார் ஆட ஆடச் சிரிப்பார். அப்படி என்னத்தைச் சொல்லியிருக்கும் என்று அன்றைக்கு யோசிக்க ஆரம்பித்தவர்தான். ஒரே மகளைத் தேனியில் கட்டிக்கொடுத்த பிறகு அந்த யோசனை முற்றிவிட்டது. வீட்டில் பேச்சு என்பதே ‘சோறு போடவா’, ‘போடு’, ‘மோர் ஊத்தவா’, ‘ஊத்து’ என்ற அளவுக்கு வற்றிப்போயிருந்தது. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில் மிதித்துக்கொண்டு போனால் வேறு பேச்சு தானாக வரும் என்று அவர் முழுசாக நம்பினார்.

ஆகவே ஒரு நாள், தன் சைக்கிளை ஒரு கையாலும், டவுனில் பழசாக வாங்கிய பச்சை நிற லேடீஸ் சைக்கிளை மறு கையாலும் பிடித்து ஓட்டிக்கொண்டே வாசலில் வந்து இறங்கினார்.

“இது யாருக்கு?” என்றாள் தர்மாம்பாள்.

“உனக்குத்தான் தர்மு.”

“எனக்கு எதுக்கு? நான் என்ன தந்தி குடுக்கவா போறேன்?”

“சும்மா ஓட்டுறதுக்கு. காத்து நல்லா இருக்கும்.”

“காத்து மொட்டைமாடியிலயும்தான் இருக்கு. அதுக்கு மிதிக்க வேணாம்.”

கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் காய்ந்த கண்மாய்க்குக் கூட்டிப்போனார். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடினார். “முன்னால பாரு, சக்கரத்தைப் பாக்காத!” என்று அவர் கத்த, அவள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போய், அவ்வளவு பெரிய வெட்டவெளியில் நின்ற ஒரே ஒரு எருமையைத் தேடிப்பிடித்து மோதினாள். எருமை நகரவில்லை. தர்மாம்பாள் இறங்கிச் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“அந்த எருமைக்கே கோவம் வரலை. நீங்க ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?” என்று கேட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு சிவசங்கரன் திரும்பியதைத் தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு பச்சை சைக்கிளுக்கு வேறு உத்தியோகம் கிடைத்தது. ஹாண்டில்பாரில் ஈரத் துண்டு. கேரியரில் வடகத் தட்டு. ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம், குங்குமம் வைத்து மாலை போட்டாள். “வருசத்துக்கு ஒரு தடவை மரியாதை பண்றோம்ல, போதும்” என்றாள்.

எண்பத்து மூன்றில் மழை காலை வாரிவிட்டது. வைகை மணலாகக் கிடந்தது. வீட்டுக் கிணற்றில் வாளியை விட்டால் ‘டங்’கென்று சத்தம்தான் மேலே வந்தது. திண்டுக்கல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண்ணுச்சாமி தோட்டத்துப் பம்புசெட் ஒன்றுதான் கதி. நல்ல மனுஷர், யாரையும் விரட்ட மாட்டார். ஆனால் கரண்ட் போய் மோட்டார் நின்றால் நின்றதுதான். பக்கத்து வீட்டுத் தங்கப்பொண்ணு தன் புருஷனின் சைக்கிள் கேரியரில் குறுக்கே ஒரு கம்பைக் கட்டி, இந்தப் பக்கம் ஒரு குடம், அந்தப் பக்கம் ஒரு குடம் தொங்கவிட்டாள். போகும்போது குரங்குப் பெடல், வரும்போது தள்ளல். தர்மாம்பாள் இடுப்பில் ஒரு குடத்தோடு வீடு வந்து சேர்வதற்குள் தங்கப்பொண்ணு மறுநடைக்குக் கிளம்பியிருப்பாள்.

பம்புசெட்டில் ஒரு நாள் இரண்டு பேருக்கும் நடந்த பேச்சு, சாயங்காலத்துக்குள் தெருமுனை டீக்கடை வழியாகச் சிவசங்கரன் காதுக்கு வந்தது.

“ஏன்க்கா, ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு அல்லாடுது. நீங்க அம்புட்டு நல்ல வண்டியில வடகம் காயப்போட்டிருக்கீங்க. எனக்காவது குடுங்க, பொழச்சுக்கிறேன்.”

“ஏன், எனக்கு ஓட்டத் தெரியாதுன்னு நெனச்சியா?”

“தெரியுமாக்கா?”

“எருமை குறுக்க வராம இருந்தா தெரியும்.”

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால் வடகத் தட்டு தரையில் இருந்தது. சைக்கிளைக் காணோம். திருட்டுப்போய்விட்டது என்று பதறி, கண்மாய்ப் பக்கம் மிதித்தார். அங்கே தர்மாம்பாள் பச்சை சைக்கிளில் இருந்தாள். கேரியரைப் பிடித்துக்கொண்டு தங்கப்பொண்ணு பின்னால் ஓடினாள்.

“முன்னால பாருங்கக்கா! சக்கரத்தைப் பாக்காதீங்க!”

இதையேதான் அவரும் சொன்னார். ஆனால் இவள் சொன்னதும் தர்மாம்பாள் முன்னால் பார்த்தாள். சிவசங்கரனுக்குச் சுருக்கென்றது. கூப்பிட வாயெடுத்தவர், கூப்பிட்டால் இறங்கிவிடுவாள் என்று தோன்றவும், சைக்கிளைக் கீழே சாய்த்துவிட்டு, ஒளிய வேறு இடம் இல்லாமல், அந்த எருமைக்குப் பின்னால் குனிந்து நின்றார். தர்மாம்பாள் ஒரு தடவை விழுந்தாள். இவர் எருமையின் கொம்பைப் பிடித்துக்கொண்டார். எழுந்து மறுபடி ஏறினாள். சத்தம் காட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“முழங்கையில என்ன?” என்று கேட்டார் ராத்திரி.

“அடுப்பு பட்டுருச்சு.”

“மண்ணு ஒட்டியிருக்கே?”

“மண் அடுப்பு.”

அந்த வீட்டில் இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். மறுநாள் அவள் எழுந்திருக்கும் முன்னால் சிவசங்கரன் பச்சை சைக்கிளின் சீட்டைக் கொஞ்சம் இறக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டார்.

“யாரு சீட்டை எறக்குனது?” என்றாள் அவள்.

“எலியா இருக்கும்.”

“செயினுக்கு எண்ணெயும் எலிதான் போட்டுச்சாக்கும்?”

“நல்ல எலி போல.”

ஆடி பிறப்பதற்குள் பம்புசெட்டில் தர்மாம்பாள் ராஜ்ஜியம்தான். இரண்டு குடத்தைத் தொங்கவிட்டுத் தள்ளாமல் மிதித்தே வந்தாள். மணி அடித்தால் தெரு ஒதுங்கியது. சிவசங்கரனுக்குத் தைரியம் வந்தது.

“வர்ற ஞாயித்துக்கெழம அழகர்கோவில் போவமா? ரெண்டு பேரும்?”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

“அம்புட்டு தூரம் சும்மா மிதிச்சுப் போயி, சும்மா திரும்பி வரவா? எனக்கென்ன கிறுக்கா?”

வழக்கம்போலத் தனியாகப் போய், வழக்கம்போல ஒரு பாட்டில் தீர்த்தத்தோடு வந்தார். வந்தவர் அசதியில் தூங்கிவிட்டார். எழுந்து சாப்பிட உட்கார்ந்தால் பருப்பு பூவாக இருந்தது. பம்புசெட் தண்ணீர் ஒரே உப்புச் சவர். மாசக்கணக்காக அந்த வீட்டில் பருப்பு வேகவே இல்லை, கோலிக்குண்டு போல உருண்டுகொண்டிருந்தது.

“எப்புடி?” என்றார்.

“சாமி ரூம்ல இருந்த பாட்டிலை ஒலையில ஊத்திட்டேன். அழகர் கோவிச்சுக்கிற மாட்டாரு. அவரே தோசை சாப்பிடுற சாமிதானே.” பிறகு கரண்டியைக் கீழே வைத்தாள். “அங்க இந்தத் தண்ணி எம்புட்டு இருக்கும்?”

“ஓயாம விழுந்துக்கிட்டே இருக்கு. இந்தக் கோடைக்கும் வத்தலை.”

“அதுல போயி இத்தன வருசமா ஒத்தப் பாட்டில் பிடிச்சுட்டு வந்திருக்கீங்க! அறிவு இருக்கா உங்களுக்கு?”

அடுத்த ஞாயிறு கருக்கலிலேயே அவரை எழுப்பினாள். வாசலில் இரண்டு சைக்கிளும் தயாராக நின்றன. இரண்டிலும் சின்னக் குடங்கள் கட்டியிருந்தாள். சிவசங்கரன் பேசுவதற்கென்று மனசில் நாலைந்து விஷயம் சேர்த்துவைத்திருந்தார். புதூர் தாண்டி, புளியமர நிழலில் வண்டியை அவள் பக்கம் ஒட்டினார்.

“தர்மு, நம்ம கல்யாணத்தப்போ...”

“பின்னால பஸ்ஸு வருது, ஒதுங்குங்க.”

போகும் வழியெல்லாம் இப்படியே போயிற்று. குடங்கள்தான் லொடலொடவென்று பேசிக்கொண்டு வந்தன. மலை ஏறி, குடம் நிரப்பி, அவர் தோளிலும் அவள் இடுப்பிலுமாக இறக்கி, கோவில் தோசையில் ஆளுக்குப் பாதி தின்றுவிட்டுத் திரும்பினார்கள். தண்ணீர் தளும்பக் கூடாது என்று அவள் மெல்ல மிதித்தாள். அவரும் மெல்ல மிதித்தார். சேர்த்துவைத்த விஷயம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

அப்பன்திருப்பதி பக்கம் ரோட்டை அடைத்துக்கொண்டு ஓர் எருமை நின்றது. தர்மாம்பாள் காலை ஊன்றி நிறுத்தினாள். எருமையைச் சுற்றி எட்டி எட்டிப் பார்த்தாள்.

“என்ன பாக்குற?”

“பின்னால யாரும் குனிஞ்சு நிக்கிறாகளான்னு பாக்குறேன்.”

சிவசங்கரனுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. “நீ... பாத்துட்டியா?”

“எருமைக்கு நாலு கால்தானே? அன்னைக்கு ஆறு இருந்துச்சு. ரெண்டு பேன்ட் போட்டிருந்துச்சு.”

அவருக்குச் சிரிப்பு பீறிட்டது. ஹாண்டில்பார் ஆடியது, கேரியர் ஆடியது, நூபுர கங்கை ரோட்டில் கொட்டியது. “ஐயோ, தண்ணி! தண்ணி!” என்று அவள் கத்தினாள். கத்திக்கொண்டே அவளும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பேருமாகத் தண்ணீருக்குப் போனார்கள். கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. கிணறு குனிந்து மொள்ளும் அளவுக்கு நிறைந்தது. தெருவே கொண்டாடியது. சிவசங்கரன் மட்டும் ஜன்னலோரம் எழவு வீட்டுக்காரர் மாதிரி உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை ராத்திரி கிணற்றுத் தண்ணீரில் வெந்த பருப்பு வெண்ணெயாகக் கரைந்தது. இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கித் தின்றார். எல்லாம் முடிந்தது என்று படுத்தார்.

ஞாயிறு கருக்கலில் வாசலில் குடம் இடிபடும் சத்தம் கேட்டது. தர்மாம்பாள் பச்சை சைக்கிளில் கயிற்றை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“கெணறு நெறஞ்சு கெடக்கே, தர்மு?”

அவள் முடிச்சிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கெணத்துத் தண்ணியில பருப்பு வேகமாட்டேங்குது.”

சிவசங்கரன் குனிந்து கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தார்.

“ஆமாமா,” என்றார். “நேத்து கல்லு மாதிரி இருந்துச்சு.”

சொல்லிவிட்டுத் தன் சைக்கிளை எடுக்க உள்ளே ஓடினார்.