இடது மட்கார்டு

மாமா கார் ஓட்டுகிற தோரணையைப் பார்த்தால், கார் அவருடையது, பின்னால் உட்கார்ந்திருக்கும் துரை ஏதோ போகிற வழியில் ஏறிக்கொண்டவர் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அவர் என் அம்மாவின் தம்பி. பினாங்கில் ஒரு வெள்ளைக்காரத் துரையிடம் டிரைவர் வேலை. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி, போதாததற்குக் கிரேப் ரப்பரில் அடி வைத்த புதுச் சப்பாத்து. நடந்தால் சத்தமே வராது. அதனாலேயே வேண்டுமென்று நாலு தடவை நம் முன்னால் நடப்பார்.

ரப்பர் விலை தரையில் விழுந்து கிடந்த காலம் அது. தோட்டங்களில் ஆள் குறைத்து, வேலை போனவர்களைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை முடிச்சோடு குந்தியிருக்கும் கூட்டத்தைப் பார்த்துவிட்டு வரும்போதெல்லாம் அம்மா மாமாவிடம், "பத்திரமா இருந்துக்கடா தம்பி" என்பாள். மாமா தொப்பியைச் சரிசெய்துகொள்வார்.

அந்த வாரம் துரை கோலாலம்பூர் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு, அக்கரையிலுள்ள பிறை ஸ்டேஷனில் ரயிலிறங்கி ஃபெரியில் வருவார். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த நான் மாமாவைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு ஒன்பது வயது; வாய்க்குத் தொண்ணூறு. ஊரோரத்து ஆயர் ஈத்தாம் வரைக்கும் ஒரே ஒரு சுற்று என்று நச்சரித்ததில், அவரும் போனால் போகிறது என்று கூட்டிப்போனார். வினை வந்தது திரும்பி வரும்போதுதான். எங்கள் சந்து முனையில் என் வகுப்புக்காரி ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். அவள் நான் காரில் வருவதைப் பார்க்காமல் போய்விட்டால் என்ன ஆவது? "ஹாரன் அடிங்க மாமா, நல்லா அடிங்க" என்றேன். அடித்தார். அவள் பயந்து பாதையில் குதித்தாள். மாமா வண்டியை ஒடித்தார். சந்து முனைக் கல்தூணில் இடது மட்கார்டு போய் இடித்தது.

அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கறுப்பு மட்கார்டில் மட்டும் ஒரு சோற்றுத் தட்டு அளவுக்குக் குழி. மாமா இறங்கிப் பார்த்தார். பிறகு வெள்ளைக் கால்சட்டையோடு மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். "என் பொழப்பு போச்சு" என்றார். துரை நற்சாட்சிக் கடிதம் கொடுக்காமல் விரட்டினால் வேறு எந்த வீட்டிலும் அவரைச் சேர்க்க மாட்டார்கள். அடுத்தது கப்பல்தான். இதெல்லாம் எனக்கே தெரிந்திருந்தது.

அப்பா ஒரு கார்ப் பட்டறையில் தேய்ப்பு வேலை பார்த்தார். சாயம் அடிப்பதற்கு முன்னால் காரின் உடம்பை உப்புத்தாள் வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சமமாக்குகிற வேலை. நாலு நாள் தேய்ப்பார்கள். கடைசி நாள் ஒருவன் வந்து சாயம் அடிப்பான். காரை எடுக்க வரும் பெரிய மனிதர் பட்டறை முதலாளி தவுக்கேயின் கையைக் குலுக்குவார், சாயம் அடித்தவனுக்கு ஒரு சிகரெட் நீட்டுவார். தேய்த்தவர்கள் அந்நேரம் பின்கட்டில் அடுத்த காருக்கு முன்னால் குந்தியிருப்பார்கள். இதைப் பற்றி அப்பா ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர் எதைப் பற்றியுமே அதிகம் பேச மாட்டார்.

அன்றும் மாமா அழாத குறையாகக் கேட்டார், "ஞாயித்துக்கெழமைக்குள்ள முடியுமா மச்சான்?"

"நீ பேசாம இருந்தா முடியும்" என்றார் அப்பா.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் காரை மறைத்து நிறுத்தினோம். இருட்டுவதற்குள் அப்பா உள்ளிருந்து தட்டிக் குழியை வெளியே எடுத்துவிட்டார். மறுநாள் காய்ச்சல் என்று பட்டறைக்குச் சொல்லியனுப்பிவிட்டு, காலையிலேயே மேடுபள்ளம் நிரவப் பூச்சு மாவைத் தடவிக் காயவைத்தார். பிறகு தன் தகரப் பெட்டியைத் திறந்தார். மூன்று தேய்ப்புக் கட்டைகள். ஒன்று மரம். ஒன்று கார்க்குத் தக்கை, ஏதோ கப்பலில் கழித்துப்போட்ட மிதவைச் சட்டையிலிருந்து வெட்டியது. மூன்றாவது பழைய லாரியின் கெட்டி டயரில் அறுத்தெடுத்த ரப்பர் துண்டு. கட்டையின் மேல் உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். கதவு மாதிரித் தட்டையான இடத்துக்கு மரம். மட்கார்டோ எல்லாப் பக்கமும் வளைவு. அதில் மரக்கட்டையை வைத்தால் மேட்டை மட்டும் செதுக்கிச் சப்பையாக்கிவிடும். அப்பா ஒவ்வொரு கட்டையாக மட்கார்டின் மேல் வைத்து, கொஞ்சம் அசைத்துப் பார்த்து, எடுத்து வைத்தார். மாமா நகத்தைக் கடித்தார். கடைசியில் டயர் துண்டு. அது வளைவோடு வளைந்து உட்கார்ந்தது.

மத்தியானம் வரை தேய்த்துவிட்டு அப்பா குடிக்கத் தண்ணீர் கேட்டு உள்ளே போனார். போன இடத்தில் அம்மா அவரைப் பிடித்துச் சோறு போட்டு உட்கார வைத்துவிட்டாள். கொட்டகையில் மாமா, "நேரம் ஆகுதே, நேரம் ஆகுதே" என்று குட்டி போட்ட பூனையாகச் சுற்றினார். எனக்கு மனசு கேட்கவில்லை. என்னால் வந்த வினை, நானே தேய்த்தால் என்ன? கட்டையைத் தொடப் பயம். கிழிந்த உப்புத்தாள் ஒன்றை எடுத்து, மூன்று விரலால் அழுத்தித் தேய்த்தேன். பட்டு மாதிரி ஆயிற்று. மாமாகூட, "அட, நல்லாத்தான் செய்யிற" என்றார்.

அப்பா வந்தார். ஈரத் துணியால் ஒரு தரம் துடைத்துவிட்டுக் குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். அப்போதுதான் எனக்கும் தெரிந்தது. ஈரம் பளபளத்த இடத்தில் என் மூன்று விரலும் மூன்று வாய்க்கால் வெட்டி வைத்திருந்தன. விரலுக்கு அடியில் இருப்பதுதான் தேயும், விரலுக்கு நடுவே இருப்பது நிற்கும். கட்டை எதற்கு என்று ஒன்பது வயதில் எனக்கு ஒரு நொடியில் விளங்கியது, ஆனால் விளங்கி என்ன பயன்? மறுபடி பூசி, மறுபடி காய்ந்து, மறுபடி தேய்க்க வேண்டும். அப்பா என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. பூச்சு டப்பாவைத் திறந்தார். ஒரு அறை விட்டிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு. அம்மா கதவருகே நின்று, "தண்ணிமலை முருகா" என்றாள்.

மாலையில் இன்னொரு சங்கடம். மட்கார்டின் விளிம்பு உள்பக்கமாக மடங்குகிற இடத்தில் எந்தக் கட்டையும் உட்காரவில்லை. டயர் துண்டு தடிமன், கார்க்கு உடைகிறது. அப்பா கொட்டகை முழுக்கக் கண்ணால் துழாவினார். கண் போய் மாமாவின் காலில் நின்றது.

"கழட்டு" என்றார்.

"மச்சான், புதுசு மச்சான்!"

அப்பா கையை நீட்டியபடியே இருந்தார். மாமா சப்பாத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். கிரேப் ரப்பர் அடியிலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துண்டு அறுத்து, ஓரத்தை உருட்டாகச் சீவி, உப்புத்தாளைச் சுற்றியதும் விளிம்பில் அச்சாகப் பொருந்தியது. வேறு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

ஞாயிறு விடிந்ததிலிருந்து கறுப்புச் சாயம். பட்டறையில் மீந்துபோன டப்பாவின் அடிச் சாயத்தைத் தூரிகையால் பூசுவார், காயும், தண்ணீர் விட்டுத் தேய்ப்பார், மறுபடி பூசுவார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பதினொன்றரை ஆனபோது மெருகேற்றுவது மட்டும் பாக்கி. மாமா எஞ்சினைக் கிளப்பிவிட்டார். அப்பா கம்பளித் துணியோடு ஏறிக்கொண்டார், போய்ச் சேர்ந்த இடத்தில் தேய்த்து முடிப்பதாக. என்னை யாரும் கூப்பிடவில்லை. நானும் ஏறிவிட்டேன். நான் இல்லாமல் எப்படி முடியும்!

ஃபெரித் துறைக்கு எதிரே, மணிக்கூண்டுக் கட்டடத்தின் முன்னால் நிறுத்தினோம். ஃபெரி பாதிக் கடலில் வந்துகொண்டிருந்தது. அப்பா வெயிலில் மண்டியிட்டு வட்ட வட்டமாகத் தேய்த்தார். ஆள் இறங்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, துணியை மடித்து, ஐந்தடி தள்ளிப்போய் நின்றார். நான் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன். துரை வந்தார். மாமா சல்யூட் அடித்துக் கதவைத் திறந்தார். துரை ஒரு காலை உள்ளே வைத்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

திரும்பி வந்து இடது மட்கார்டைப் பார்த்தார். வலதைப் பார்த்தார். மறுபடி இடது. வலது மட்கார்டில் மணிக்கூண்டு ஒரு கலங்கலாகத் தெரிந்தது. இடதில் மணிக்கூண்டு தெரிந்தது, கடிகாரம் தெரிந்தது, முள்ளும் தெரிந்தது. அப்பா அதைச் சீமையிலிருந்து வந்ததைவிட நன்றாகச் செய்துவிட்டார்!

"சியாப்பா பிக்கின்?" என்றார் துரை. யார் செய்தது என்று மலாயில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை.

"சாயா, துவான்" என்றார் மாமா. நான்தான் என்று அடித்துச் சொன்னார். துரை இல்லாத வாரத்தில் சும்மா இருக்கப் பிடிக்காமல் மெருகு போட்டதாகவும், மற்றப் பக்கத்துக்கு நேரம் கிடைக்கவில்லை என்றும் சொன்னார். பொய் வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. துரை சிரித்தார். "பாகுஸ்" என்று மாமாவின் தோளில் தட்டினார்! நல்ல வேலையாம்! தப்பித்தோம். எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது.

அப்போது அப்பா பேசினார்.

"புக்கான் டியா, துவான். சாயா."

அவன் இல்லை, நான். அவ்வளவுதான். சத்தம்கூடப் போடவில்லை. மாமா திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது. துரை அப்பாவின் அருகில் வந்து, வெளுத்து ஊறிப்போன விரல்களைப் பார்த்தார். ஒரு தரம் தலையசைத்தார். பிறகு மாமாவிடம் திரும்பி, இந்த ஆள் இந்த மட்கார்டைத் தொட வேண்டிய அவசியம் என்ன என்று கேட்டார்.

கல்தூண் கதை வெளியே வந்தது; மாமாவுக்கு அன்றே வேலை போயிற்று. கடிதம் கிடைக்கவில்லை. ஒரு மாதம் அலைந்துவிட்டு, ஊருக்குப் போகிறவர்கள் பட்டியலில் தானாகவே பேர் கொடுத்தார். அந்த ஒரு மாதமும் அம்மா அப்பாவுக்குச் சோறு வைத்தாள், முகம் பார்க்கவில்லை. நான் அதுகூடச் செய்யவில்லை. அப்பா கூப்பிட்டால் காது கேட்காத மாதிரி இருந்தேன். பாழாய்ப்போன வாயை ஒரு நிமிஷம் மூடிக்கொண்டிருக்கக் கூடாதா? மாதக்கணக்கில் பேசாத மனுஷன் அன்றைக்குத்தானா பேச வேண்டும்? துரையிடம் எதையோ எதிர்பார்த்துத்தான் காட்டிக்கொடுத்தார் என்று முடிவே கட்டிவிட்டேன். எதுவும் கிடைக்கவில்லை, அவர் எதுவும் கேட்கவும் இல்லை, மறுநாள் பட்டறைக்குப் போய்க் குந்திவிட்டார் என்பதெல்லாம் என் கணக்கில் ஏறவில்லை.

கப்பல் ஏறுகிற அன்று அப்பா வரவில்லை. அம்மா மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளு உன்ன இப்படிப் பண்ணிட்டாரேடா" என்று அழுதாள்.

"விடுக்கா" என்றார் மாமா. "நான் செஞ்சேன்னு சொன்னேன் பாரு, அப்ப மச்சான் மூஞ்சியப் பார்த்தேன். நான் அதச் சொல்லியிருக்கக் கூடாது."

எதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று எனக்குப் புரியவில்லை. அழகான பொய் அது, அதனால்தானே தப்பித்தோம். அப்பாவை ஒரு வார்த்தை திட்டாமல் மாமா கப்பலேறுகிறாரே என்று, அன்று அவர் மேலும் எனக்குக் கோபம் வந்தது. கையசைத்தார். நான் அசைக்கவில்லை.