அவளோடு அனுப்பக் கூடாத எழுத்து

தோமே என்ற பெயருக்கு ஜப்பானின் ஆகிதா பக்கத்தில் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 'நிறுத்து' என்று பொருள் தரும் ஒற்றை எழுத்து அது. நான்கு பெண்கள் இருக்கிற வீட்டில் ஐந்தாவதும் பெண்ணாகப் பிறந்தால் தகப்பன் தெய்வத்துக்குப் போடுகிற மனு. மூத்தவளுக்கு மலைச்சிகரம் என்று பொருள் வரும்படி மினே என்று வைத்தார்கள். அடுத்தடுத்தவர்களுக்குப் பூ, பட்டு, நெல் என்று ஆசை கொஞ்சம் கொஞ்சமாகத் தரைக்கு இறங்கியது. ஐந்தாவதில் பொறுமையே போய்விட்டது. பிறந்த ஏழாம் நாள் அந்த எழுத்தைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, சிவப்புப் பயறு போட்ட சோறு சாப்பிட்டார்களாம். அடுத்தது பையன். பேர் பலித்துவிட்டது என்று ஊரே மெச்சியது. ஊருக்கென்ன, மெச்சுவதற்குக் காசா பணமா.

தோமே அந்தப் பெயரோடு பள்ளிக்கூடம் போனாள். அந்தப் பெயரோடு மீன் கொட்டகையில் உப்புப் போட்டாள். அந்தப் பெயரோடு இசாகுவுக்கு வாழ்க்கைப்பட்டாள். இசாகு ஊர் பஸ் ஓட்டுகிறவர். வாயிலிருந்து வார்த்தையை வரவழைக்க நெம்புகோல் வேண்டும். மனைவியை "ஏய்" என்றுதான் கூப்பிடுவார். அந்தத் தலைமுறைப் புருஷன்மார் எல்லாருமே அப்படித்தான் என்றாலும், இசாகு தன் மனதுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தார்: அவளுக்குத்தான் அந்தப் பேர் பிடிக்காதே.

பிடிக்காது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் செத்தபோது பௌத்த மடத்துச் சாமி வழக்கம்போல அவருடைய பெயரிலிருந்து ஓர் எழுத்தை எடுத்து, மறுமைக்கான புதுப்பெயரைக் கட்டி நினைவுப் பலகையில் எழுதினார். சடங்கு முடிந்து திரும்பும் வழியில் தோமே சொன்னாள்: "நான் போனா அந்த எழுத்த என்கூட அனுப்பிடாதீங்க." இசாகு "ம்" என்றார்.

போன பிப்ரவரியில் குளிக்கப் போனவள் திரும்பி வரவில்லை. சுடுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் ஆளாளுக்கு இசாகுவிடம் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பெட்டி எந்த மரம், பூ வெள்ளையா மஞ்சளா, வந்தவர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் எந்த ரகம். எல்லாவற்றுக்கும் "சரி" என்றார். சாமியும் போன் செய்தார். "அம்மாவோட பேர்லேர்ந்து அந்த எழுத்தையே எடுத்துக்கறேன், சரிங்களா?" அதற்கும் சரி.

இரவு விழிப்புச் சடங்குக்கு வந்த மினே ஊதுவத்தி ஏற்றிவிட்டுப் பலகையைப் பார்த்தாள். ஏற்றிய கை அப்படியே நின்றது.

"இசாகு சான், நடுவுல என்ன எழுத்து அது?"

"தோமேவோடது, அக்கா."

"ஆயுசு பூரா சுமந்தா. போற எடத்துலயும் சுமக்கணுமா? உங்ககிட்ட சொன்னாளா இல்லையா?"

"சொன்னா."

"அப்புறம்?"

"சாமி கேட்டார். சரின்னுட்டேன்."

"நீங்க எதுக்குத்தான் சரின்னு சொல்லல? எங்கப்பா பொண்ணு பாக்க வரச் சொன்னப்பவும் இப்படித்தான் சரின்னீங்க."

இசாகுவுக்கு வெட்கமாக இருக்க வேண்டும். இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட வாய் மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. கடித்தாலும் தெரியாது.

மினே குரலைத் தணித்துக்கொண்டாள். "இது வெறும் மரப்பலகை. நாப்பத்தொன்பதாம் நாள் கறுப்பு மெருகுல தங்க எழுத்து வெட்டி வெப்பாங்க. அதுக்கப்புறம் பிரம்மா வந்தாலும் மாத்த முடியாது. போய்ப் பேசுங்க."

போய்ப் பேசுவதா? அந்த ஊரில் சாமி வைத்த பெயரை மாற்றச் சொல்லி யாரும் மடத்துப் படி ஏறியதில்லை. இசாகு போனார். வாசல் வரை போனார். வாசலில் பனி குவிந்திருந்தது. பக்கத்தில் சாய்த்திருந்த மண்வாரியை எடுத்து வாரித் தள்ளிவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரமும் அதே கூத்து. அந்த ஊர்ச் சாமிமார் குடும்பஸ்தர்கள்தான்; சாமியின் மனைவி ஓடி வந்து, "உங்களுக்குத் துக்கம் இருக்கறப்ப எதுக்குங்க இதெல்லாம்" என்று ஒரு பை ஆரஞ்சு கொடுத்தாள். அதையும் வாங்கிக்கொண்டு வந்தார். மினே போனில் விசாரித்தபோது, "மடத்துக்குப் போனேன்" என்றார். பொய் இல்லைதானே.

மூன்றாவது தடவை சாமியே வெளியே வந்தார். "இசாகு சான், எங்க வாசல ஒழுங்காக்கிட்டீங்க. வந்த விஷயத்தச் சொல்லுங்க."

இசாகு மண்வாரியைப் பிடித்தபடியே சொன்னார். "அந்த எழுத்து வேண்டாம் சாமி. அவ வேண்டாம்னு சொல்லியிருந்தா."

சாமி அவரை உள்ளே உட்காரவைத்துத் தேநீர் ஊற்றினார். "அதுக்கு 'நிறுத்து'ன்னு மட்டுமா அர்த்தம்? 'தங்கியிரு'ன்னும் உண்டே. நல்ல எழுத்துதான்."

"அவங்கப்பா அந்த அர்த்தத்துல வெக்கல, சாமி."

சாமி தூரிகையை எடுத்தார். "சரி, எடுத்துடறேன். அந்த எடத்துல வேற ஒண்ணு வேணும். அம்மாவுக்கு என்ன புடிக்கும்?"

இசாகு யோசித்தார். முள்ளங்கி ஊறுகாய் போடுவாள், அது அவருக்குப் பிடிக்கும் என்று. தோட்டத்தில் பூசணி வைப்பாள், அது மினேவுக்கு அனுப்ப. அவளுக்கு? நாற்பது வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனுஷனுக்கு இந்த ஒரு கேள்விக்குப் பதில் இல்லை.

"பஸ்ல வருவா," என்றார் கடைசியில்.

"உங்க பஸ்லயா?"

"கொட்டகை லீவு விட்டா வருவா. கடைசி சீட்டுல உக்காருவா. கடைசி ஸ்டாப் வரைக்கும் வந்து, அதே பஸ்ல திரும்புவா. எதுக்குடின்னு ஒருதரம் கேட்டேன். சும்மான்னா."

"நீங்க பேசிக்கிட்டே ஓட்டுவீங்களா?"

"வண்டி ஓட்டறப்ப பயணிகிட்ட பேசக் கூடாது, சாமி. கண்ணாடியில பாப்பேன். வாயத் தொறந்து ஜன்னலப் பாத்துக்கிட்டிருப்பா, சின்னப் பிள்ள மாதிரி."

சாமி தாளில் ஓர் எழுத்தை எழுதித் திருப்பிக் காட்டினார். ஒரு வேலையும் இல்லாமல், மனம் போன போக்கில் உலாவுவது என்று அதற்குப் பொருள். இசாகு அதை நீண்ட நேரம் பார்த்தார். அந்த முறை அவர் சரி என்று சொல்லவில்லை.

"இதுதான் சாமி," என்றார். "இதுதான் அவ."

சாமிக்கு முகம் மலர்ந்தது. ஈரம் காய ஊதிக்கொண்டே கேட்டார்: "கடைசி ஸ்டாப் கடற்கரைதானே? ரெண்டு பேரும் மணல்ல இறங்கி நடப்பீங்களாக்கும்."

"இல்ல. கால் மணி நேரம் வண்டி நிக்கும். நான் இறங்கி சிகரெட் புடிப்பேன். அவ உள்ளயே உக்காந்திருப்பா."

"அம்மாவுக்குக் குளிருமோ?"

"தெரியல, சாமி," என்றார் இசாகு. "கோடையிலயும் உள்ளயேதான் இருந்தா. நான் இறங்கி வான்னு கூப்பிடல."

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவர் காதில் விழுந்தது. கிண்ணத்தைக் கீழே வைத்தபோது அது சரிந்தது. தேநீர் பாயில் கொட்டியது. சாமியின் மனைவி துணியோடு ஓடி வந்தாள். இசாகு அவளிடமும் சொன்னார்: "ஒருதரம்கூடக் கூப்பிடலம்மா." தோமே செத்த பிறகு அவர் அழுதது அன்றைக்குத்தான்.