கோழி அடைகிடந்த இருக்கை

வீட்டில் ஒரு காரை நிறுத்தி வைத்துவிட்டு, மாரிகாலத்து மழையில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் வேலைக்குப் போனவள் அன்புவழிபுரத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒழுங்கையில் எதிர்ப்படுகிறவர்கள், "கார் இன்னும் சரிவரேல்லையோ, மிஸ்?" என்று கேட்பார்கள். "வருது, வருது" என்பேன். வேறு என்னத்தைச் சொல்ல?

என் கணவர் சீனன்குடாப் பக்கம் இயந்திரப் பராமரிப்பில் வேலை செய்தவர். ஓய்வுபெறுவதற்குச் சற்று முன்பு, அங்கே ஒரு பழைய பங்களாவின் பின்வளவில் அந்தக் காரைக் கண்டார். வெள்ளைக்காரன் காலத்து ஸ்போர்ட்ஸ் கார். கூரை இல்லை, இரண்டே இரண்டு இருக்கை. மாமரத்தின் கீழ் டயர்கூட இல்லாமல் நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. ஓட்டுநர் இருக்கையில் சுருள்கம்பிகள் வெளியே தள்ளியிருந்தன. பக்கத்து இருக்கையில் ஒரு கோழி அடைகிடந்தது. குஞ்சு பொரித்து இறங்கட்டும், அதன்பிறகு கொண்டுபோங்கள் என்று வளவுக்காரர் சொல்லிவிட்டார். வீட்டில் சோறு ஐந்து நிமிடம் பிந்தினால் முகம் சுளிக்கிற மனிதர், அந்தக் கோழி எழும்பும்வரை பொறுமையாகக் காத்திருந்தார்.

லொறியில் இருந்து காரை இறக்கிய அன்று, கிண்ணியாவில் இருந்து தகட்டு வேலைக்கு வந்த, நாங்கள் நானா என்று கூப்பிடுகிற முஸ்லிம் அண்ணருக்கு முன்னாலேயே என்னிடம் சொன்னார்: "இருந்து பாரும். உம்மைப் பக்கத்தில இருத்திக்கொண்டு நிலாவெளிக் கடற்கரைவரைக்கும் ஒரே ஓட்டம்."

எனக்கு அது பிடித்திருந்தது. நான் ஆஸ்பத்திரியில் தாதி. கலியாணம் கட்டிய நாள் முதல் அவருக்கும் ஷிப்ட், எனக்கும் ஷிப்ட். அவர் வரும்போது நான் போவேன், நான் வரும்போது அவர் நித்திரையாக இருப்பார். ஒரே வீட்டில் இரண்டு வாடகைக்காரர் மாதிரித்தான் இருந்தோம். ஸ்கூட்டியில் போனால் ஒருவர் முதுகை ஒருவர் பார்க்கவேண்டும், ஹெல்மெட்டுக்குள் கதையும் கேட்காது. செய்வதற்கு ஒரு வேலையும் இல்லாமல், அருகருகே இருந்து கடலைப் பார்த்துக் கதைத்துக்கொண்டு போக ஓர் இருக்கை. அந்த ஒன்றுக்காகத்தான், முற்றத்தில் இருந்த ஒரே நிழலையும் அந்தக் கறள் பிடித்த தகரத்துக்குக் கொடுக்கச் சம்மதித்தேன். ஆள் மாறி ஆள் வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் சின்ன ஜப்பான் காரை நிறுத்த இடமில்லை என்று விற்றதற்கும் வாய் திறக்கவில்லை.

எங்கள் ஊர்த் துறைமுகக் காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஏமாந்தவர் போல நிற்பார். ஒரு பக்கம் கறளை வெட்டி எறிந்து, புதுத் தகடு வைத்து ஒட்டி, பெயின்ட் அடித்து முடிப்பதற்குள் மற்றப் பக்கம் கொப்புளம் போட்டுவிடும். உப்புக் காற்று சம்பளம் வாங்காமல் இரவு பகல் வேலை செய்தது. நாடு முழுக்கப் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலத்தில், இவர் பெற்றோலைக் குடம் குடமாகக் குடிக்கப்போகும் ஒரு எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். ஊரில் வரிசைக்குப் போகாத ஒரே கார்க்காரர் அவர்தான். காரில் பெற்றோல் ஊற்றத் தாங்கியே இல்லையே!

என்னுடைய வேலை மிதிப்பது. பிரேக் குழாய்க்குள் காற்று நின்றால் மிதி பஞ்சு மாதிரி இறங்கிவிடும். அந்தக் காற்றை எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் இருந்து மிதிக்க, மற்றவர் சில்லடியில் படுத்துக் குழாயின் திருகைத் திறந்து மூட வேண்டும். வார்ட்டில் பகல் முழுக்க நின்றுவிட்டு வந்து செருப்பைக் கழற்றுமுன்னரே சத்தம் வரும்.

"இஞ்சரும், ஒருக்கா ஏறி இரும்."

"தேத்தண்ணி குடிச்சிட்டு வாறன்."

"ரெண்டு மிதி மிதிச்சிட்டுப் போய்க் குடியும்."

ஏறி இருப்பேன். "மிதியும்" என்று கீழேயிருந்து குரல் வரும். மிதிப்பேன். "பிடியும்." பிடித்துக்கொண்டிருப்பேன். "விடும்." அந்த இரண்டு மிதி ஒருநாளும் இரண்டு மிதியில் முடிந்ததில்லை. சில நாட்களில் மிதியைப் பிடித்தபடியே தூங்கிப்போயிருக்கிறேன். "விடும், விடும், என்னப்பா செய்யிறீர்?" என்று சில்லடியில் இருந்து கத்துவார். எனக்குக் கணவருடைய முகத்தைவிட அவருடைய பாதங்கள்தான் நன்றாகத் தெரியும் என்று நானாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். நானாவும் சிரித்தார். அதில் பாதி பகிடி இல்லை என்று அவருக்கு விளங்கியிருக்காது.

ஒருநாள் கணவர் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். அந்தக் காலப் பந்தயக் கார், பச்சை நிறம், பக்கத்தில் வெள்ளை வட்டத்துக்குள் ஓர் எண். "இதை அப்பிடியே அச்சு அசலாச் செய்யப்போறன்" என்றார். அதுவரை பழைய காரைத் திருத்திக்கொண்டிருந்தவர், அன்று முதல் பந்தயக் கார் கட்டத் தொடங்கினார். முன்கண்ணாடியை எடுத்துவிட்டார். கதவுகளைத் தகட்டோடு தகடாக ஒட்டிவிட்டார், இனி மேலால் ஏறித்தான் இறங்கவேண்டும். ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் மாட்டுக்குத் திமில் வைத்தது போல ஒன்றை நானா தட்டிக் கொடுத்தார். பொனட்டைக் கட்ட வைத்த தோல்வார்கள் எங்கிருந்து வந்தன என்று யோசித்தேன். அலுமாரியைத் திறந்து பார்த்தால், என் தோல் கைப்பை வார் இல்லாமல் கிடந்தது.

அதற்கெல்லாம் நான் கோபிக்கவில்லை. நானா ஒரு பெரிய அலுமினியத் தகட்டைக் கொண்டுவந்து, பக்கத்து இருக்கை இருந்த இடத்துக்கு மேல் விரித்து அளவு பார்த்தபோதுதான் கணவரிடம் கேட்டேன்.

"இது என்னத்துக்கு?"

"மூடத்தான். ரேஸ் காரில பக்கத்தில ஆள் இருக்கிறேல்லை. திறந்து கிடந்தா காத்துப் பிடிச்சு வேகம் குறையும்."

"அப்ப நான்?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்படி ஒரு கேள்வி வரும் என்று நினைத்தே இருக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குச் சுட்டது.

"அந்தக் கோழிக்குக் குடுத்த இடத்தைக்கூட எனக்குத் தர ஏலாதோ?" என்றேன். நானா தகட்டைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தார். கணவர், "பிறகு பாப்பம், பிறகு பாப்பம்" என்றார். அடுத்த நாள் வேலையால் வந்தபோது தகடு வரிசையாக ரிவெட் ஆணி அறைந்து மூடிக் கிடந்தது. சண்டை பிடிக்கவும் உடம்பில் தெம்பு வேண்டும். குசினிக்குள் போய்ச் சோற்றுக்கு உலை வைத்தேன்.

மிதிப்பதை மட்டும் நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால் பழகிவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். பந்தயக் காரின் இருக்கை முன்னும் பின்னும் நகராதாம், நிலத்தோடு சேர்த்து இறுக்கிவிட வேண்டுமாம். அதை இறுக்கிய நாட்களிலும் நான்தான் ஏறி இருந்தேன். "கால் எட்டுதோ?" என்பார். "இன்னும் கொஞ்சம் முன்னுக்கு" என்பேன். "ஸ்டியரிங் முழங்காலில தட்டுதோ?" "இல்லை." உடனே கீழே படுத்து அடையாளம் போட்டுத் துளைப்பார். அவருக்கு இடுப்பில் நாரிப்பிடிப்பு, கதவில்லாத காரில் ஏறி இறங்க ஏலாது. அதைச் சொல்ல வெட்கப்பட்டு, "ஓடுற அன்றைக்குத்தான் நான் ஏறுவன்" என்று வீறாப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த நாள் ஒரு ஞாயிறு காலையில் வந்தது. சில்லுகளுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். தொப்பி போட்டுக்கொண்டார். நானா தோள் கொடுக்க, ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்து, மற்றக் காலையும் வைத்து, மெல்ல இறங்கினார். பாதியில் நின்றுவிட்டார். தொடைகள் ஸ்டியரிங்குக்குக் கீழே போகவில்லை. பின்னுக்குச் சரிந்தால் திமில் முதுகில் முட்டியது. குசினி வாசலில் குனிந்து வருகிற நெட்டை மனிதர் அவர். நானோ அவருடைய தோள் உயரம்கூட இல்லை. தையல்காரருக்கு அளவுக்குக் கொடுக்கிற சட்டை மாதிரி இத்தனை வருடமும் நானே இருந்திருக்கிறேன். அது அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நானாவும் நானும் ஆளுக்கொரு கக்கத்தில் பிடித்து அவரை வெளியே இழுத்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருடைய முகத்தைக் கண்டதும் போய்விட்டது. கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளியில் உட்கார்ந்து தொப்பியைக் கழற்றினார். காரைக் காட்டி, "நீர் ஓடும்" என்றார்.

"எனக்கு ஏலாது."

"உமக்குத்தான் ஏலும். ஏறும்."

வீட்டில் போட்டிருந்த சோட்டிக் கவுனோடே ஏறினேன். எல்லாம் கைக்கும் காலுக்கும் தானாக வந்தது. எஞ்சின் போட்ட சத்தத்துக்கு ஒழுங்கை நாய்கள் ஓடி ஒளிந்தன. சந்தி தாண்டி நிலாவெளி வீதியில் ஏறியதும் காற்று முகத்தில் அறைந்தது. முச்சக்கர வண்டிக்காரர்கள் வழிவிட்டுக் கை காட்டினார்கள். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதி வாசலில் நின்ற வெள்ளைக்காரர்கள் படம் எடுத்தார்கள். எனக்குச் சந்தோசமாக இருந்தது, பொய் சொல்லக்கூடாது. விடுதிகளுக்கு இடையில் கடல் தெரிந்ததும், "அங்க பாருங்கோ" என்று பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். தகடுதான் இருந்தது. வெயில் பட்டுக் கண் கூசியது. கை வைத்தேன், சுட்டது. அழுகை வந்துவிட்டது. நிலாவெளிக்குப் போகாமல் அங்கேயே திருப்பினேன்.

வரும்போது அவர் ஒழுங்கை முகப்பிலேயே நின்றிருந்தார். நானா வீட்டுக்குப் போய்விட்டார்.

"பிரேக் பிடிச்சதோ?"

"ஓம். நல்லாப் பிடிக்குது."

"வேற?"

"கதைக்க ஒருத்தரும் இல்லை" என்றேன்.

அவர் காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். உள்ளே போய்த் துளைக்கிற இயந்திரத்தை எடுத்துவந்து, தகட்டில் முதல் ஆணியின் தலையில் வைத்தார். பிறகு எதையோ யோசித்து நிறுத்தினார்.

"இதைக் கழட்டினா இது ரேஸ் கார் இல்லை."

"கோழி இருந்த இடம். ஸ்டியரிங் இடிக்காது, உங்களுக்கும் இடம் காணும்" என்றேன்.

இயந்திரம் அலறியது. தகடு அதிர்ந்தது. "பிடியும்" என்றார். எனக்குக் கால் கடுத்தது. தேத்தண்ணி இன்னும் குடிக்கவில்லை, மத்தியானம் டியூட்டி வேறு. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.