மைக்கம்மா வாசித்த புலம்பல்

அந்த ரயில் நிலையத்தில் அறிவிப்புச் செய்கிற பெண்ணை ஊரே மைக்கம்மா என்றுதான் கூப்பிட்டது. கட்டிய கணவரும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை, ஒரே நாற்காலி. அறைக்கு மூன்று பக்கமும் கண்ணாடி. மேசைமேல் மைக், அதன் காலடியில் ஒரு பச்சைப் பொத்தான், பக்கத்தில் வண்டிகளின் நேர அட்டவணை. வண்டி வர பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு தடவை, வந்து நின்றதும் ஒரு தடவை, புறப்படும் முன் ஒரு தடவை அவள் பேச வேண்டும். குரலை உயர்த்தவும் கூடாது, இழுக்கவும் கூடாது. கெட்ட சேதியானாலும் நல்ல சேதியானாலும் ஒரே குரல்தான்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாளைக்குத் தொண்ணூறு வண்டிகள். பதினொரு நடைமேடைகளிலும் கால் வைக்க இடம் இருக்காது. கப்பலில் வந்து இறங்கிய சரக்கு, அதை ஏற்றுகிறவர்கள், வாங்க வந்தவர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள் என்று எந்நேரமும் நெரிசல். தங்கள் துறைமுகத்தைப் பார்க்காதவன் உலகத்தையே பார்க்காதவன் என்று ஊர்க்காரர்கள் கூசாமல் பேசிய காலம் அது.

ஊர் விழுந்தது ஒரே காலையில். புயலுக்குத் தப்பி உள்ளே வரப் பார்த்த பெரிய கப்பல் ஒன்று துறைமுக வாயிலில் மணல் தட்டிக் குறுக்கே சாய்ந்துவிட்டது. அலை தடுக்கும் சுவரும் அன்றைக்கே உடைந்தது. கப்பலை அறுத்து எடுக்க எட்டு மாதம் ஆயிற்று. அதற்குள் மற்ற கப்பல்களெல்லாம் இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்த இன்னொரு துறைமுகத்துக்குப் பழகிவிட்டன. கிடங்குகளுக்குப் பூட்டு விழுந்தது. வேலை போன பக்கமே ஆட்களும் போனார்கள். போகிறவர்கள் தங்கள் வீட்டு ஜன்னல் சட்டங்களைக் கூடக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஆறு வருஷத்தில் தொண்ணூறு வண்டி நாலு வண்டியானது. பத்து நடைமேடைகளில் புல் முளைத்தது. மைக்கம்மாவின் கணவர் வெல்டிங் வேலைக்காரர். அவரும் அந்தப் புது துறைமுகத்துக்குப் போய், சனிக்கிழமை வந்து திங்கள்கிழமை திரும்புகிறவராக ஆனார்.

விழுந்த ஊரைப் பார்த்துச் சிரிப்பதற்கு ஆட்கள் கிடைத்துக்கொண்டே இருந்தார்கள். புது துறைமுகத்தில் யாராவது முகம் வாடி இருந்தால், "என்ன, அந்த ஊர் மாதிரி ஆயிட்டே?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. அங்கிருந்து வந்த ஒரு வாலிபன் ஒருநாள் காலியான நடைமேடையில் நின்று படம் பிடித்தான். ஒலிபெருக்கியில் மைக்கம்மாவின் குரல், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஆரம்பித்ததும், இல்லாத கூட்டத்தை இரு கையாலும் விலக்கிக்கொண்டு, "கொஞ்சம் வழி விடுங்க, மிதிக்காதீங்க" என்று நடந்தான். இணையத்தில் அதை லட்சக்கணக்கானவர்கள் பார்த்தார்கள்.

மைக்கம்மாவுக்கு அதை அனுப்பியது அவளுடைய நாத்தனார், கணவரின் அக்கா. பழைய துறைமுக அலுவலகத்தில் இருபது வருஷம் எழுத்தராக இருந்தவர். ஊரை விட்டு முதலில் கிளம்பியவர்களில் ஒருவர். இப்போது புதிய துறைமுக அலுவலகத்தில் வேலை. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் பழைய ஊரைப் பற்றி நாலு ஜோக்காவது சொல்லாமல் அவர் சாப்பிட உட்கார மாட்டார். படத்தோடு சிரிக்கிற பொம்மை முகங்கள் ஏழெட்டையும் சேர்த்து அனுப்பியிருந்தார்.

வெளியூரில் கல்லூரியில் படிக்கும் மகளும் அதைப் பார்த்துவிட்டாள். உடனே போன் செய்தாள். "வேலைய விட்டுட்டு அப்பாகிட்டப் போயிடும்மா, எனக்கு இங்க தலை காட்ட முடியல" என்றாள். அதற்கப்புறம் ஒரு வாரம் மைக்கம்மா ஒலியளவைக் குறைத்து வைத்துக்கொண்டு பேசினாள். இருபத்திரண்டு வருஷத்தில் தன் குரலைக் கேட்டுத் தானே கூசியது அப்போதுதான்.

அந்த வாரத்தில்தான் ஊர்ச் சர்ச்சின் போதகர் அவளைத் தேடி வந்தார். புயலில் கோயில் கூரை போனதிலிருந்து ஆராதனை பள்ளிக்கூடத்து அறை ஒன்றில் நடந்தது. ஒவ்வொரு வருஷமும் புயல் வந்த தேதியில் உயிர் பிழைத்ததற்காக நன்றிப் பாட்டுப் பாடிவிட்டுக் கலைவார்கள். இந்த வருஷம், பாழான நகரத்துக்காக வேதத்தில் அழுகிற புலம்பல் என்ற புத்தகத்தின் ஐந்து அதிகாரங்களையும் முழுசாக வாசிக்க வேண்டும் என்று போதகர் தீர்மானித்திருந்தார். வாசிக்க ஒருவரும் முன்வரவில்லை. அழுதால் போனது திரும்பி வருமா என்று சபைக் குழுவில் கேட்டார்களாம்.

"எந்தச் சேதியா இருந்தாலும் குரல் நடுங்காம சொல்லத் தெரிஞ்ச ஆள் நீங்க ஒருத்தர்தான்" என்றார் போதகர். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றாள் அவள்.

மத்தியான வண்டிக்கும் நாலு மணி வண்டிக்கும் நடுவில், அந்தக் கண்ணாடி அறையில் உட்கார்ந்து படித்தாள். முதல் வரியிலேயே நகரம் ஒரு பெண்ணாகத் தனியே உட்கார்ந்திருந்தது. நேற்று வரை ஜனம் நிறைந்து கிடந்தவள், இன்று துணையற்றவள். திருவிழாவுக்கு வருகிறவர் இல்லாமல் சாலைகளே துக்கப்பட்டன. அவள் எழுந்து வெளியே பார்த்தாள். பத்து நடைமேடைகளும் பார்த்த மாதிரியே இருந்தன. இன்னும் கொஞ்சம் போனால், வழியே போகிறவர்கள் கைகொட்டுகிறார்கள், தலையை ஆட்டுகிறார்கள், அழகுக்குப் பேர்போன ஊர் இதுதானா என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். படம் பிடித்த வாலிபனின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் அந்தக் கேலியை எழுதி வைத்தவர்கள் கேலி செய்தவர்கள் அல்ல. கேலிக்கு ஆளானவர்களே அதை ஒன்றும் விடாமல், தங்கள் வாயாலேயே, கடவுளின் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார்கள். நான் எதற்கு மெல்லப் பேசுகிறேன் என்று அவளுக்குத் தோன்றியது. நாலு மணி வண்டிக்கு ஒலியளவைப் பழையபடி ஏற்றி வைத்தாள்.

மறுநாள் போதகர் இன்னொன்றும் சொன்னார். மூல மொழியில் அந்தப் பாடல்களில் பெரும்பாலானவை அகர வரிசையில் எழுதப்பட்டவை. முதல் எழுத்தில் ஒரு வரி, இரண்டாவது எழுத்தில் அடுத்த வரி என்று கடைசி எழுத்து வரை போகும். அட்டவணையோடே வாழ்ந்தவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அழுகையைக் கூட நடுவில் விடாமல் கடைசி வரை அழுதிருக்கிறார்கள் என்று வியந்தாள். வாசிக்கிறேன், ஆனால் பள்ளிக்கூடத்து அறையில் வேண்டாம், நடைமேடையில் வைத்துக்கொள்ளலாம், ஊரில் உடையாத பெரிய கூரை அது ஒன்றுதான் என்றாள். நிலைய அதிகாரி தாடையைச் சொறிந்து யோசித்தார். பத்து மணி வண்டி போனதும் ஆரம்பித்து மத்தியான வண்டிக்கு முன் முடித்துவிட்டால் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றார்.

அந்தப் பத்து மணி வண்டியில் யாரும் எதிர்பாராத கூட்டம் வந்து இறங்கியது. சேதி கேள்விப்பட்டு, ஊரை விட்டுப் போனவர்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். மைக்கம்மாவின் கணவர் வந்தார். அவரோடு, தம்பி பெண்டாட்டியின் கச்சேரியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று நாத்தனாரும் வந்திருந்தார். எல்லாரும் சரக்குப் பெட்டிகளின் மேலும் தரையிலும் உட்கார்ந்தார்கள்.

மைக்கம்மா தன் அறைக்குள் இருந்தபடியே பச்சைப் பொத்தானை அழுத்தினாள். வண்டி நேரம் சொல்கிற அதே குரலில் வாசித்தாள். பகைவர்கள் பார்த்துச் சிரிக்கிற இடம் வந்தபோதும் வேகத்தைக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் பார்த்தாள். ஆறு வருஷமாக அழாத ஆம்பளைகள் முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் அதிகாரத்தின் நடுவில் ஓர் இடம் உண்டு. நகரத்துக்கு உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டியவர்கள் அதைச் சொல்லவில்லை. கேட்க இதமான பொய்யைச் சொன்னார்கள். குற்றத்தை வெளிக்காட்டி அழிவைத் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. அந்த வரியை அவள் வாசித்து முடித்ததும் நாத்தனார் எழுந்து நின்றார். ஏதோ முடியவில்லை போலிருக்கிறது என்று தம்பி கையைப் பிடித்தார். நாத்தனார் அந்தக் கையை உதறிவிட்டார்.

"துறைமுக வாசல்ல ஆழம் அளந்து எழுதறது என் வேலை" என்றார். அது எல்லாருக்கும் கேட்டது. "அளக்கிற படகு பழுதாச்சு. போன மாசக் கணக்கையே எழுதுன்னு மேல சொன்னாங்க. எழுதினேன். ஒரு மாசம் இல்ல, மூணு வருஷம். மணல் ஏறினது யாருக்கும் தெரியல. அந்தக் கப்பல் என் எழுத்தை நம்பித்தான் உள்ள வந்துச்சு."

ஒரு காலத்தில் முந்நூறு சுமைக்காரர்களுக்குத் தலைவராக இருந்த மேஸ்திரி எழுந்தார். இரண்டு மகன்களும் இரண்டு திசையில் பிழைக்கப் போய்த் தனிக்கட்டையாய் இருக்கிறவர்.

"ஆறு வருஷமா கடவுள்தான் அடிச்சுட்டாருன்னு நெனச்சிட்டிருந்தோமேம்மா" என்றார்.

அவர் கத்தவில்லை. ஆனால் அவருக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் எழுந்துவிட்டார்கள். ஒருவன் நாத்தனாரை நோக்கி நடக்கவே ஆரம்பித்துவிட்டான்.

கண்ணாடிக்குப் பின்னால் மைக்கம்மாவின் உடம்பெல்லாம் எரிந்தது. கணவர் தூரமானது, மகள் தலை காட்ட முடியாமல் போனது, சிரிக்கிற பொம்மை முகங்கள், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. அந்த நிமிஷம் நாத்தனாரை யாராவது அடித்திருந்தால் மனசுக்கு நிறைவாகத்தான் இருந்திருக்கும் என்று பிற்பாடு அவளே ஒளிக்காமல் சொன்னாள். ஆனால் கை பொத்தான்மேல் இருந்தது. மூன்று அதிகாரத்துக்கு மேல் பாக்கி இருந்தது.

"இன்னும் முடியலை" என்று ஒலிபெருக்கியில் அவள் குரல் வந்தது. "எல்லாரும் உக்காருங்க. அக்கா, நீங்களும் உக்காருங்க. முழுசும் வாசிக்கணும்."

இருபத்திரண்டு வருஷமாக அந்தக் குரல் சொன்னபடி நடைமேடை மாறி நின்ற ஜனம் அது. உட்கார்ந்தார்கள்.

மூன்றாம் அதிகாரத்தில் ஒரு மனிதன் இருட்டிலும் குழியிலும் கிடந்து புலம்புகிறான். புலம்பலின் நடுவில், யாரும் சொல்லாமலே, இரக்கம் இன்னும் தீர்ந்துபோகவில்லை, விடியும்போதெல்லாம் அது புதிதாகப் பிறக்கிறது என்று அவனுக்கு ஞாபகம் வருகிறது. பிறகு மறுபடியும் அழுகிறான். நம் வழிகளை நாமே சோதித்துப் பார்ப்போம் என்கிறான். அவள் ஒன்றையும் விடவில்லை. கடைசி அதிகாரம் பதில் கிடைக்காத ஒரு கேள்வியோடு முடிந்தது. பொத்தானிலிருந்து கையை எடுத்துவிட்டு வெளியே வந்தாள். நேராகப் போய் நாத்தனார் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மேஸ்திரி பெட்டிமேலிருந்து இறங்கி வந்து, "இப்ப ஆழம் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டார்.

"தெரியாது" என்றார் நாத்தனார்.

"அப்ப அளந்துடுவோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மீன்பிடிப் படகை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு, நுனியில் இரும்புக் குண்டு. மேஸ்திரி கயிற்றை விட்டார், நாத்தனார் எழுதினார். வாயிலின் மேற்குப் பாதி முழங்கால் ஆழம்தான். ஆனால் கிழக்கு ஓரமாக, நாலு மீட்டர் ஆழத்தில், குறுகலாக ஒரு கால்வாய் தூராமல் கிடந்தது. பெரிய கப்பல் அதில் கனவிலும் வராது. மீன்பிடிப் படகு தாராளமாக வரும். ஆறு வருஷமாக ஒருவரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த அளவுகளோடு தன் பழைய பொய்யையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு நாத்தனார் துறைமுக இலாகாவுக்கு அனுப்பினார். விசாரணை நடந்தது. அவருக்கு வேலை போயிற்று. எழுதச் சொன்னவருக்கும் போயிற்று. நாத்தனார் ஜன்னல் இல்லாத தன் பழைய வீட்டுக்கே திரும்பி வந்தார். முதல் வாரம் அவரோடு யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. இரண்டாவது வாரம் தம்பி வந்து ஜன்னலுக்குக் கம்பி அடித்துக் கொடுத்தார். கால்வாயை அகலப்படுத்த இலாகாவிடமிருந்து ஒரு சின்ன தூர்வாரும் படகை வாங்குவதற்குள் எல்லாருக்கும் போதும் போதும் என்றாகி, இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இப்போது நாற்பது படகுகள் வந்து போகின்றன. மீன் போவதற்காக ஐந்தாவது வண்டி ஒன்று விட்டிருக்கிறார்கள்.

புது துறைமுகத்து நிலையத்துக்கு மைக்கம்மாவை மூன்று அறிவிப்பாளர்களுக்கு மேலதிகாரியாக மாற்றி உத்தரவு வந்தது. இங்கேயே இருக்க விரும்புகிறேன் என்று ஒரே வரியில் பதில் எழுதினாள். கணவர் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு படகு எஞ்சின்களுக்கு ஆள் தேவைப்படுகிறது என்று தெரிந்ததும் வெல்டிங் சாமான்களோடு வந்து சேர்ந்தார். வந்த நாளிலிருந்து ஊரில் முடிவெட்டக் கூட ஒரு கடை இல்லையே என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"புதன்கிழமை பத்து மணி வண்டில ஒருத்தர் கடை போடறதுக்குக் குடும்பத்தோட வர்றார்" என்றாள் மைக்கம்மா. "பள்ளிக்கூடம் எப்படின்னு அவர் வீட்டுக்காரம்மா நேத்தே போன்ல விசாரிச்சுட்டாங்க. அதுவரைக்கும் சீப்பு வச்சு சமாளிங்க."