தாம்பரத்துக்கும் சானடோரியத்துக்கும் நடுவில்

பத்துப் பேர் முன்னால் சொல்கிறேன் என்று நான் ஆண்டவரிடம் பொருத்தனை செய்தபோது என் மகளுக்கு ஆறு மாதம். நிமோனியா. அரசாங்க ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டு, இவளைப் பிழைக்க வைத்தால் எழுந்து நின்று, நீர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்வேன் என்று அழுதேன். அந்த அழுகையிலும் ஆயிரம் பேர் என்று வாயில் வரவில்லை. பத்து என்றுதான் வந்தது. நாலு பேர் முன்னால் பேசுவதென்றால் எனக்கு அவ்வளவு பயம்.

குழந்தை பிழைத்துவிட்டாள். நான் பேசவில்லை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அவள் தும்மினால் நான் எண்ண ஆரம்பிப்பேன். ஒரு தும்மல் என்றால் மேலேயிருந்து ஞாபகப்படுத்துகிறார், இரண்டு என்றால் எச்சரிக்கிறார் என்று நானே ஒரு சட்டம் வைத்திருந்தேன். தனித்தனியாகப் பத்துப் பேரிடம் சொன்னால் செல்லுமா என்று யோசித்து, முடிவெட்டுகிறவரிடம் ஆரம்பித்துப் பார்த்தேன். அவர் கதை கேட்கிற ஆர்வத்தில் கத்தரியை என் காதுப் பக்கமே நிறுத்திவிட்டார். பாதியில் விட்டுவிட்டேன்.

அப்போது எண்பதுகளின் கடைசி. கிண்டி எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தேன். காலையில் தாம்பரத்தில் புறப்படும் எலக்ட்ரிக் ட்ரெயினின் மூன்றாவது பெட்டியில் எங்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். ஏழெட்டுப் பேர் இருப்போம். கைதட்டி ஒரு பாட்டு, ஒரு ஜெபம், அப்புறம் சாட்சி. சாட்சிக்கு ஒரு வழக்கம் உண்டு. எழுந்து நின்றவர் அடுத்த ஸ்டேஷன் வரை பேச வேண்டும். ஸ்டேஷன் வந்தால் உட்கார வேண்டும், அதற்கு முன்னால் உட்காரக் கூடாது. எங்களுக்கு எதிர்ப் பக்கம் நாலு பேர் முழங்கால்மேல் துண்டு விரித்து ரம்மி ஆடுவார்கள். அவர்கள் பாட்டுக்கு அவர்கள், எங்கள் பாட்டுக்கு நாங்கள். ஆனால் அவர்களையும் சேர்த்து எண்ணினால் பத்துப் பேர் தேறும்.

கூட்டத்தை நடத்தியவர் துறைமுகத்தில் வேலை பார்த்த ஓர் அண்ணன். ஒரு நாள் அவரிடம் போய், நாளைக்கு நான் சாட்சி சொல்கிறேன், ஆனால் பாட்டுக்கும் முன்னால், வண்டி கிளம்பியதுமே சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மூச்சு வுடறதுக்குள்ள சானடோரியம் வந்துரும். அதானே தம்பி உன் பிளானு?"

அதேதான் பிளான். தாம்பரத்துக்கு அடுத்த ஸ்டேஷனே சானடோரியம், இரண்டு மூன்று நிமிஷத்தில் வந்துவிடும்.

அன்று சாயங்காலம் தேதித் தாளின் பின்பக்கத்தில் பதினோரு வரி எழுதி மனப்பாடம் பண்ணினேன். வீட்டில் குக்கர் முன்னால் நின்று ஒப்பித்தேன். முதல் விசிலுக்கும் இரண்டாவது விசிலுக்கும் நடுவில் முடிந்துவிட்டது. "இது சாட்சியா, ஸ்டேஷன்ல மைக்ல சொல்றதா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டப் போனாள். மகள் ஒரு தடவை தும்மினாள்.

மறுநாள் வண்டி கிளம்பியது. எழுந்து நின்றேன். மேலே தொங்கிய கைப்பிடியைப் பிடித்தேன், ஈரக் கையில் அது வழுக்கியது. கண்ணை மூடிக்கொண்டு பதினோரு வரியையும் ஒரே மூச்சில் கொட்டினேன். ஸ்தோத்திரம் என்று முடித்துக் கண்ணைத் திறந்தால் வண்டி நிற்கிறது. அப்பாடா என்று உட்காரப் போனேன். அண்ணன் தலையை ஆட்டி ஜன்னலைக் காட்டினார். வெளியே பிளாட்பாரம் இல்லை. ஒரு எருமையும் சிவப்பு சிக்னலும்தான் இருந்தன.

வழக்கம் வழக்கம்தான். நின்றேன். எருமை என்னைப் பார்த்தது, நான் எருமையைப் பார்த்தேன். ஓட்டம் இல்லாததால் மின்விசிறிச் சத்தம்கூடத் தனியாகக் கேட்டது. ஏதாவது சொல்லியாக வேண்டும். வாயைத் திறந்தேன். யாரிடமும் சொல்லாதது வந்துவிட்டது.

எட்டாவதில் வாத்தியார் ஒவ்வொருவரையும் எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்வார், என் முறை வரும் நாளில் வயிற்றுவலி என்று வீட்டில் நின்றுவிடுவேன், அப்படி ஒரு நாள் நின்றவன் பிறகு பள்ளிக்கூடமே போகவில்லை என்றேன். வீட்டுக் கஷ்டம் என்று இதுநாள்வரை பொய் சொல்லிவந்தேன், என் மனைவியிடம்கூட. அப்படிப்பட்ட ஒருவன் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்ன வாக்குக் கொடுத்தான் தெரியுமா என்று கேட்டுவிட்டு, எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்கே போய்விட்டேன்.

சீட்டாட்டக்காரர்களில் ஒரு மீசைக்காரர் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"இன்னாபா, அங்க இங்க சுத்திகினு கீற? கொயந்தைக்கு இன்னா ஆச்சு, அத்த சொல்லு மொதல்ல."

சொன்னேன். ஆக்ஸிஜன் குழாயைச் சொன்னேன். விடிந்ததும் அவள் பாலுக்கு அழுததைச் சொன்னேன். தும்மல் சட்டத்தைச் சொன்னபோது பெட்டியே சிரித்தது. இருமல் வந்தால் என்ன அர்த்தம் என்று ஒருவர் கேட்டார். இருமலுக்கு இன்னும் சட்டம் போடவில்லை என்றேன். அதற்கும் சிரித்தார்கள். என் பேச்சைக் கேட்டு ஆட்கள் சிரிக்கிறார்கள், என்னைப் பார்த்து அல்ல! தலை கிர்ரென்று சுற்றியது, ராட்டினத்தில் மேலே போகிறபோது சுற்றுமே, அந்த மாதிரி.

வண்டி நகர்ந்து சானடோரியம் வந்ததை நான் கவனிக்கவில்லை. அடுத்த சாட்சிக்காரர் எழுந்தார். என் வாயைப் பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டார். குரோம்பேட்டை போனது, பல்லாவரம் போனது. "பயம் போச்சுன்னு சொல்ல மாட்டேன்" என்றேன் கடைசியில். "இப்பவும் காலு நடுங்குது, பாருங்க. ஆனா இந்தக் காலையே நிக்க வெச்சிருக்காரு. எம் பொண்ணக் குடுத்தவரு அவருதான்."

மீசைக்காரர் சீட்டைத் திரும்ப எடுத்தார். "நல்லாருக்கட்டும் கொயந்த. ஆமா, நீ கிண்டில எறங்குற ஆளாச்சே? கிண்டி பூட்ச்சே."

சைதாப்பேட்டையில் இறங்கி, எதிர் வண்டிக்காக நின்று தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற பெண்மணி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நகர்ந்துபோனார். பட்டறையில் ஏன் லேட் என்று போர்மேன் கேட்டார். மற்ற நாளாக இருந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அன்று எருமையிலிருந்து ஆரம்பித்தேன். போதும், போய் மெஷினைப் போடு என்று அவர்தான் கெஞ்ச வேண்டியதாயிற்று.

வீட்டுக்குப் போனதும் மனைவி அடுப்படியிலிருந்தே கேட்டாள், பதினோரு வரியையும் சொல்லி முடித்தீர்களா என்று. குக்கரை அப்போதுதான் ஏற்றியிருந்தாள். மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, ட்ரெயினில் நின்ற மாதிரியே நின்று சொல்லிக் காட்டினேன். பள்ளிக்கூடத்துப் பொய் வந்த இடத்தில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தன வருஷமா இதையா வெச்சிக்கிட்டு இருந்தீங்க?" என்றாள். நடுவில் மகள் அடுத்தடுத்து இரண்டு தும்மல் போட்டாள். என் சட்டையிலேயே அவள் மூக்கைத் துடைத்துவிட்டு மேலே சொல்லிக்கொண்டு போனேன்.

மூன்றாவது விசில் வந்தது, ஐந்தாவதும் வந்தது. இரண்டு பேரும் அடுப்புப் பக்கம் திரும்பவில்லை. அன்றைக்குக் குழைந்த சோறுதான் சாப்பிட்டோம்.