பன்னிரண்டு அம்புகளில் ஒன்று

மரத்தாலான அம்பை இரு கைகளாலும் பிடித்து, காதருகே வைத்து மெல்ல வளைத்துப் பார்க்க வேண்டும். நல்ல அம்பு சத்தமில்லாமல் வளைந்து நிமிரும். உள்ளே விரிசல் இருந்தால் காய்ந்த சுள்ளி நெரிவது போல ஒரு சிறு ஒலி வரும். அந்த ஒலியைக் கேட்டும் நான் கவனிக்காமல் விட்டேனா, அல்லது அந்த அம்பைக் கையில் எடுக்கவே இல்லையா என்பது இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

பெங்களூரில் தண்டு என்று சொல்லும் பட்டாளப் பகுதியில், ஒரு பெண்கள் பள்ளியில் கீழ்வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்கார அம்மாள் தம்முடைய வில்லையும் பன்னிரண்டு அம்புகளையும் பள்ளிக்குக் கொடுத்துவிட்டுப் போனார். மாணவிகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் முன் நாங்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தலைமையாசிரியை என்னையும் தையல் டீச்சரையும் நியமித்தார். கூடவே வந்த சிறு புத்தகம்தான் எங்களுக்குத் துணை. தையல் டீச்சர் கணவரை இழந்தவர், தையலை நம்பியே வாழ்ந்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

நாண் கழற்றிய அந்த வில்லின் முனைகள் முன்பக்கமாக வளைந்திருக்கும். நாண் பூட்டும்போது அந்த வளைவுக்கு எதிராக வளைக்க வேண்டும். அது தெரியாமல் முதல் நாள் வளைவின் போக்கிலேயே மாட்டப் பார்த்தோம். மரம் முனகியது. அக்கா புத்தகத்திலிருந்த படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“ஏம்மா, ஜாக்கெட்டை உள்பக்கம் வெளிய போட்ட மாதிரி திருப்பி மாட்டறோமே! விடு விடு, இது உடைஞ்சா ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா நம்ம ரெண்டு பேரையும் உடைச்சிடுவா.”

பிறகு வேலையைப் பிரித்துக்கொண்டோம். நாணுக்குத் தேன்மெழுகு தேய்ப்பதும், பயிற்சி முடிந்ததும் நாணைக் கழற்றி வில்லைப் படுக்கையாக வைப்பதும் அவர் பொறுப்பு. அம்புகளை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்ப்பது என் பொறுப்பு.

ஒரு வெள்ளிக்கிழமை ஓர் அம்பு இலக்குத் தவறிக் கல்சுவரில் மோதியது. மறுநாள் என் ஏழு மாத மகளுக்குக் காய்ச்சல். பக்கத்து வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மனம் முழுதும் அங்கேதான்.

“எல்லாத்தையும் பாத்தியாம்மா?”

“பாத்துட்டேங்க்கா.”

“அப்ப ஜல்தி முடிச்சிட்டுப் போ. கொழந்த தேடும்.”

அக்கா எய்த நான்காவது அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போதே முறிந்தது. முறிந்த மரத்தின் கூர்முனை, வில்லைப் பிடித்திருந்த அக்காவின் இடக்கையில் கட்டைவிரலடியில் ஆழமாக இறங்கியது.

தலைமையாசிரியை விசாரித்தபோது, நான் வாய் திறப்பதற்குள், “அம்பைப் பாக்கறது என் வேலைங்க. நான்தான் பாக்கல” என்று அக்கா சொல்லிவிட்டார். நான் திருத்தவில்லை. புண் ஆறியது; கட்டைவிரல் மடங்கவில்லை. துணியை இழுத்துப் பிடிக்க முடியாத தையல் டீச்சரைப் பள்ளி அந்த வருஷ முடிவில் நிறுத்திவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுவது என்று மகளைத் தூக்கிக்கொண்டு அல்சூரில் அவர் வீட்டுக்குப் போனேன்.

“கொடும்மா, எவ்ளோ வளந்துட்டா!” என்று இரு கைகளையும் நீட்டினார்.

விறைத்து நின்ற அந்த விரலைப் பார்த்தேன். பிடி நழுவினால் என்று ஒரு நொடி தோன்றியது. ஒரே நொடிதான். குழந்தை என் இடுப்பிலேயே இருந்தது. அக்கா கைகளை மெதுவாக மடியில் இறக்கிக்கொண்டார்.

“தூக்கம் வருது போல. உங்கிட்டயே இருக்கட்டும்.”

காபி குடித்துவிட்டுத் திரும்பினேன். சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

அதன்பின் இரண்டு முறை அந்தத் தெருமுனை வரை போயிருக்கிறேன். மகள் இப்போது நடக்கிறாள். வாசலில் இறக்கிவிட்டால், அவளாகவே அக்காவின் மடிக்கு ஓடிவிடுவாள். அவள் பின்னால் நானும் உள்ளே போய், அன்று எல்லா அம்புகளையும் நான் பார்க்கவில்லை என்று சொல்ல வேண்டும். பார்க்கவில்லை என்பதும் நிச்சயமில்லை. அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.