பொன்மலர் சிஸ்டரின் கேக் அச்சு

சத்துவாச்சாரியில் பொன்மலர் சிஸ்டர் வீட்டுக்கு யாரும் அழுக்குக் கையோடு போவதில்லை. போகிறவர்களும் ரொம்ப நேரம் உட்காருவதில்லை. நெமிலிப் பக்கம் நெல் விளைவித்த வீட்டில் பிறந்து, நர்ஸ் படிப்பை முடித்து, வேலூர் ஆஸ்பத்திரி ஒன்றின் ஆபரேஷன் தியேட்டரில் முப்பது வருஷம் கத்தியையும் கத்திரிக்கோலையும் கொதிக்க வைத்து எடுத்தவள். பெரிய பெரிய டாக்டர்களையே "இன்னொரு வாட்டி கை கழுவிட்டு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியவள். 2003-ல் அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். அவள் வாங்கி வைத்திருந்த டெட்டாலுக்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை.

புருஷன் சத்தியநாதனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் கணக்கு வேலை. மனுஷன் ஒரு நாளும் தோலைத் தொட்டதில்லை. இருந்தாலும் சாயங்காலம் ரயிலை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தால் கேட்டிலேயே நிறுத்திவிடுவாள். பின்பக்கமாகப் போய்க் குளித்து, சட்டையை டெட்டால் வாளியில் போட்ட பிறகுதான் அவருக்குக் காபி. கல்யாணமான புதிதில் ஏன் என்று கேட்டுப் பார்த்தார். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டார், நிம்மதியாக இருந்தார்.

அயர்லாந்தில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகள் ஜெமி, லீவில் வந்தபோது ரப்பர் மாதிரி வளையும் சிலிக்கோனில் செய்த சிவப்புக் கேக் அச்சு ஒன்றும், அதே சிலிக்கோனில் ஒரு தட்டைக் கரண்டியும் கொண்டுவந்தாள். சத்தியநாதன் அச்சை வளைத்துப் பார்த்தார். "எங்க கம்பெனி சோல் இத விட கெட்டியா இருக்கும்" என்றார். பொன்மலர் அதை அவர் கையிலிருந்து பிடுங்கி, நேராகக் கழுவக் கொண்டுபோனாள்.

"சுடுதண்ணியும் கொஞ்சூண்டு சோப்பும் போதும்மா. வேற ஒண்ணும் போடாத" என்று ஜெமி சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினாள். கம்ப்யூட்டர் படித்தவளுக்குக் கிருமியைப் பற்றி என்ன தெரியும்? பொன்மலர் அச்சைச் சோப்புப் போட்டுத் தேய்த்தாள், கொதிக்க வைத்தாள், ராத்திரி முழுக்க டெட்டாலில் ஊறப்போட்டாள், வெயிலில் காயவைத்தாள். கரண்டி சாம்பாரில் மஞ்சளாகிப்போனதைத் தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டாள். சமையல் சோடாவைக் குழைத்துப் பூசினாள். மஞ்சள் போகவில்லை. அதனால் அச்சுக்கும் சேர்த்து டெட்டாலை இரண்டு மூடி கூட்டினாள்.

அந்த அச்சில்தான் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக். சர்ச்சிலிருந்து வந்தவர்கள் ஒரு விள்ளல் வாயில் போட்டுவிட்டு, "மீதிய வீட்டுக்கு எடுத்துட்டுப் போறோம் சிஸ்டர்" என்று காகிதத்தில் மடித்துக்கொள்வார்கள். வீட்டிலிருப்பவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்று தோன்றும் அளவுக்குப் பிடித்துவிட்டது என்று அவள் பூரித்துப்போவாள்.

பூரிக்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. மகன் ஜோவினுக்கு முப்பது ஆகிவிட்டது, பெண் அமையவில்லை. ஆலங்காயத்திலிருந்து வந்த பெண்வீட்டாருக்கு அவள் கும்பிடு போடுவதற்கு முன்னாலேயே சோப்பைக் கொடுத்தாள். அடுத்து வந்த வீட்டில், பெண்ணின் மாமா எழுந்து வாசலைத் தாண்டுவதற்குள் அவர் உட்கார்ந்த நாற்காலியைத் துடைத்தாள். இரண்டு இடத்திலிருந்தும் பதிலே வரவில்லை. தன்னால்தான் பிள்ளை தனியாக நிற்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். வெளியே சொல்லவில்லை, ஜெபத்தில் மட்டும் சொன்னாள்.

2007-ல் ஆம்பூரிலிருந்து ஃபீபி என்ற பெண்ணின் வீட்டார் வருவதாக இருந்தது. நர்சரி பள்ளி டீச்சர். ஜோவின் அவளைச் சர்ச் கூட்டமொன்றில் பார்த்ததிலிருந்து வேறு பேச்சில்லாமல் திரிந்தான். "அம்மா, இந்த வாட்டி யாரையும் கை கழுவச் சொல்லாதம்மா. கால்ல விழறேன்" என்றான். பொன்மலர் வாக்குக் கொடுத்தாள்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் செய்தாள். ஃபீபியின் அப்பா சாமுவேல் செருப்போடு ஹாலுக்குள் வந்தபோது, புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு பொறுத்தாள். அம்மா ஜாஸ்மின் சுவரில் கை ஊன்றியபோது வேறு பக்கம் பார்த்தாள். ஜோவின் நன்றியோடு அவளைப் பார்த்துச் சிரித்தான். அப்புறம் கேக் வந்தது.

சாமுவேல் ஒரு துண்டு தின்றுவிட்டு, "பிரமாதம்" என்றார். ஜாஸ்மின் தன் துண்டைக் காகிதத்தில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். ஃபீபி மென்றாள், நிறுத்தினாள், யோசித்தாள்.

"ஆன்ட்டி, கேக்ல டெட்டால் வாசன வருது."

ஜாஸ்மின் மகளின் தொடையைக் கிள்ளினாள். ஜோவின் கண்ணை மூடிக்கொண்டான்.

"இன்னா சொன்ன?" என்றாள் பொன்மலர்.

"அடியில ஜாஸ்தியா இருக்கு ஆன்ட்டி. மேல கம்மிதான்."

பொன்மலர் புருஷன் பக்கம் திரும்பினாள். "ஏங்க, உங்களுக்கும் வருதா?"

சத்தியநாதன் மின்விசிறியைப் பார்த்தார். "வருது."

"எப்பத்துலேர்ந்து?"

"ஜெமி அச்சு குடுத்ததுலேர்ந்து."

"அப்பவே சொல்றதுக்கு இன்னா?"

"உன்கிட்ட யாரு மலரு சொல்றது?"

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். இத்தனை வருஷமும் மரியாதை என்று அவள் நினைத்திருந்தது முழுக்கப் பயம்தான். வீட்டில் மூன்று பேர் இருந்தும் ஒரு வாய் கேக்கைப் பற்றிக்கூட உண்மை பேச ஆளில்லாமல் போயிருந்தது. அந்த வலியோடு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

ஃபீபி பின்னாலேயே வந்தாள். பொன்மலர் அச்சை மூக்கில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தாள். உள்ளே, வெளியே, மடித்து, விரித்து.

"எனக்கு ஒண்ணுமே வர்லியேம்மா" என்றாள். கண் கலங்கிவிட்டது. புருஷன் தெருமுனையில் வரும்போதே தோல் நாற்றம் தெரியும் அவளுக்கு, திரியப்போகிற பால் தெரியும். இது மட்டும் தெரியவில்லை. முப்பது வருஷமாக அவள் சுவாசித்த காற்றே இதுதான்.

"இந்த சிலிக்கோன் வாசனைய உள்ள இழுத்துக்கும் ஆன்ட்டி. எங்க வீட்டுக் கரண்டியில சோப்பு வாசன ஏறிப்போச்சு. வெறுமனே ஓவன்ல கொஞ்ச நேரம் வெச்சு எடுத்தோம், போய்டுச்சு."

ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, காலி அச்சை எலெக்ட்ரிக் ஓவனில் வைத்தார்கள். எடுத்து ஆறியதும் ஃபீபி முகர்ந்து பார்த்தாள்.

"இன்னும் இருக்கு."

"நெஜமாவா? என் மனசு நோவக் கூடாதுன்னு எதுவும் மாத்திச் சொல்லாத."

"உங்களப் பாத்தா பயமாத்தான் இருக்கு ஆன்ட்டி. ஆனா வாசன இருக்கு."

பொன்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்தப் பெண் இந்த வீட்டில் இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நினைத்தாள். கேட்கத்தான் வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பாள்?

ஹாலிலிருந்து ஜாஸ்மினின் குரல் வந்தது. "ஃபீபி, கெளம்பலாமா?" எல்லாம் முடிந்துபோன குரல் அது. ஜோவின் அடுப்படி வாசலில் வந்து நின்றான்.

ஃபீபி அவனைப் பார்த்தாள். அச்சைத் திரும்ப ஓவனில் வைத்துக் கதவைச் சாத்தினாள்.

"நீங்க அங்கிள்கிட்ட பேச வேண்டியத பேசிட்டு இருங்கம்மா" என்று ஹால் பக்கம் குரல் கொடுத்தாள். "எனக்கு இங்க வேல இருக்கு."

ஹாலில் நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி உட்காரும் சத்தம் கேட்டது. தன் சொந்த அடுப்படியில், இன்னொருத்தி போதும் என்று சொல்லட்டும் என்று, பொன்மலர் சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றாள்.